பானெட்டுக்குப் பின்னால்

கார் கிளம்பும்போதே கத்தியது.

பிரபு சாவியைத் திருகியதும் இன்ஜின் உறுமியது. அதற்கும் மேலே ஒரு கீச்சுச் சத்தம் எழும்பி, தகரத்தில் ஆணியை வைத்து இழுத்தாற்போல் காதைக் குடைந்து, கொஞ்ச நேரத்தில் தானாகவே அடங்கியது. முன் சீட்டில் இருந்த சங்கிலிக்குப் பல் கூசியது.

"ஏலே பிரபு, காருக்குள்ள பன்னிக்குட்டி ஏதும் கட்டிப் போட்ருக்கியா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நேரமில்லை என்று சங்கிலிக்கும் தெரியும். பயம் வந்தால் அவனுக்கு வாய் நிற்காது. கை நடுங்குகிறவர்கள் கையைப் பையில் விட்டுக்கொள்வதில்லையா, அதுபோல அவன் பேசித் தள்ளுவான்.

பயப்படக் காரணம் இருந்தது. பின் சீட்டில் சகாயசெல்வி, மடியில் ஒரு சின்ன டப்பாவை முந்தானையால் மூடி இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். திண்டுக்கல்லில் தையல் யூனிட் நடத்துகிறவள். அவளுடைய ஒரே மகன் ராபினை நேற்றுச் சாயங்காலத்திலிருந்து காணவில்லை. வயது ஒன்பது. செம்பட்டியில் இருக்கும் பெரியம்மா வீட்டுப் பிறந்தநாளுக்கு, யூனிட் டிரைவர் பிரபுவோடு இதே வெள்ளை அம்பாசிடரில் போனவன். இருட்டுவதற்குள் திரும்பியிருக்க வேண்டும்.

பிரபு போலீசிடம் சொன்னது இதுதான். விசேஷம் முடிந்து திரும்பும் வழியில் ஃபேன் பெல்ட் அறுந்தது. ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் தூக்கிவிட்டு, டிக்கியில் இருந்த ஸ்பேர் பெல்ட்டை எடுத்து மாட்டினான். பையன் காருக்குப் பின்னால் விளையாடிக்கொண்டிருந்தான். தூக்கி நின்ற பானெட் மறைத்துக்கொண்டதால் பின்னால் நடந்தது எதுவும் பிரபுவுக்குத் தெரியவில்லை. மாட்டி முடித்து மூடிப் பார்த்தால் ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. பையனைக் காணோம். சாட்சிக்கு, அறுந்த பெல்ட்டையும் ஸ்டேஷனில் கொடுத்திருந்தான்.

விடிய விடியப் போலீஸ் செம்பட்டிப் பக்கத்துத் தோப்பு, கிணறு எல்லாம் தேடிவிட்டது. ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை. அதன் பிறகுதான் சகாயசெல்வி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் இருக்கும் துப்பறியும் அலுவலகத்தின் படியேறி வந்து, அதை நடத்தும் கிளாராவின் மேஜைமேல் தலையைச் சாய்த்து அழுதாள். சங்கிலி அங்கே கிளாராவுக்கு உதவியாள்.

கிளாரா இந்தத் தொழிலுக்கு வருமுன் இன்சூரன்ஸில் வாகன சர்வேயராக இருந்தவள். மோதிய வண்டியைச் சுற்றி வந்து, ஓட்டினவன் சொல்வதில் எது பொய் என்று கண்டுபிடிப்பதே வருஷக்கணக்கில் வேலை. மனிதர்களைவிட வண்டிகளிடம் பேசுவது சுலபம் என்பாள். வண்டிக்கு வக்கீல் கிடையாதாம்.

"ஆஃப் பண்ணுங்க. பானெட்டைத் திறங்க" என்றாள் இப்போது, பின் சீட்டில் சகாயசெல்விக்குப் பக்கத்திலிருந்து.

இறங்கிப் போய்க் குனிந்தாள். இன்ஜின் முகப்பில் மூன்று சக்கரங்களைச் சுற்றி ஓடிய கறுப்புப் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினாள். அது ஊஞ்சல் கயிறுபோலத் தொங்கிக் கொடுத்தது. விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள். ரப்பர் வழவழத்துக் கண்ணாடிபோலப் பளபளத்தது.

"நேத்து மாட்டுனது இதுதானா?"

"ஆமா மேடம்."

"நேத்து மாட்டுனதா இப்படிக் கத்துது?"

பிரபு யோசிக்கவே இல்லை. "அது வாங்கி ரொம்ப வருசமாச்சு மேடம். டிக்கிலயே கெடந்து காஞ்சு போச்சு."

நியாயமான பதில். நல்ல கேள்வி ஒன்று வீணாய்ப் போனதே என்று சங்கிலிக்கு வருத்தமாக இருந்தது. கிளாரா இன்னொரு தடவை உள்ளே எட்டி எதையோ பார்த்தாள். விரலில் ஒட்டிய கறுப்பைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, "கிளம்பலாம். நேத்து நின்ன இடத்தைக் காட்டுங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஊரைத் தாண்டினார்கள். வெயில் ரோட்டில் தண்ணீர்போல் அலையடித்தது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, நடுவில் பூவெடுத்து முடித்த மல்லிகைக் காடு. சகாயசெல்வி ஒவ்வொரு மரத்தடியையும் கண்ணால் துழாவிக்கொண்டு வந்தாள். சாலையோரம் எந்தச் சிறுவன் தெரிந்தாலும் அவள் கை கதவுப் பிடிக்குப் போய்த் திரும்பியது. சங்கிலி கண்ணாடியில் அதைப் பார்த்தான். பிறகு பார்க்காமலிருக்க முயன்றான்.

மேடு ஒன்றில் ஏறும்போது கார் மறுபடி கத்தியது. இந்தத் தடவை அடங்கவில்லை. கத்திக்கொண்டே போய், பானெட்டுக்கு அடியில் யாரோ சாட்டையால் அடித்தாற்போல் 'பட்' என்றொரு சத்தம். அப்புறம் நிசப்தம்.

"அப்பாடா, பன்னிக்குட்டி தூங்கிருச்சு" என்றான் சங்கிலி.

"நிறுத்துங்க!" கிளாரா கிட்டத்தட்ட அலறினாள். "ரெட் லைட்டு எரியுது பாருங்க. நிறுத்துங்க!"

பிரபு ஓரங்கட்டினான். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு ஒன்று கண் சிமிட்டாமல் எரிந்தது.

"பெல்ட் போச்சு" என்றாள் கிளாரா. "இனிமே பேட்டரி சார்ஜ் ஆகாது. அதுகூடப் பரவாயில்ல, தண்ணி பம்ப்பும் சுத்தாது. இப்படியே ஓட்டினா இன்ஜின் கொதிச்சு ஜாம் ஆயிரும்."

பானெட்டைத் தூக்கினார்கள். சூடு முகத்தில் அடித்தது. அறுந்த பெல்ட் செத்த சாரைப்பாம்புபோல் அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. சங்கிலி அதை உருவி எடுத்தான். உள்பக்கம் முழுக்க, வற்றிய கண்மாய் போல வெடிப்பு வெடிப்பாய்ப் பிளந்திருந்தது. நூல் பிசிறு பிசிறாய் நீட்டிக்கொண்டு நின்றது.

திண்டுக்கல்லில் தெரிந்த டாக்சிக்காரனுக்குப் போன் போட்டான் சங்கிலி. வர அரை மணி நேரமாவது ஆகும் என்றான் அவன். சகாயசெல்வி காரைவிட்டு இறங்கி, நடந்தே போய்விடுவதுபோல் நாலடி போய், திரும்பி வந்தாள்.

கிளாரா பிரபுவிடம் நிதானமாகத் திரும்பினாள்.

"நேத்து இருட்டுற நேரத்துல, ஒத்தை ஆளா மாத்துனீங்க. இன்னிக்கு நல்ல வெளிச்சம், கூட நாங்க இருக்கோம். பெல்ட் எங்கயாவது வாங்கிக்கலாம். அதுக்குள்ள கழட்ட வேண்டியதைக் கழட்டி வைங்க. ஸ்பானரை எடுங்க."

பிரபு எடுத்தான். உள்ளே குனிந்தான். ஸ்பானர் காற்றில் கொஞ்சம் அலைந்து, ஃபேனின் நடுவில் இருந்த ஒரு போல்ட்டில் போய் உட்கார்ந்தது.

"அது ஃபேனைப் பிடிச்சிருக்கற போல்ட்டு" என்றாள் கிளாரா.

ஸ்பானர் வேறொன்றுக்கு நகர்ந்தது.

"அதுக்கும் பெல்ட்டுக்கும் சம்பந்தமில்ல. பிரபு, நேத்து எந்த போல்ட்டைக் கழட்டுனீங்க?"

அவன் நெற்றியில் வியர்வை முத்து முத்தாய் நின்றது. கிளாரா இன்ஜினின் ஓரத்தில் இருந்த ஆல்டர்னேட்டரைக் காட்டினாள். "இது பேட்டரிக்குக் கரண்ட் போடுறது. இதைத் தளர்த்தி உள்பக்கம் தள்ளாம எந்தப் பெல்ட்டையும் இந்தக் கார்ல மாட்ட முடியாது. தள்ளணும்னா இந்த போல்ட்டைத் தொட்டே ஆகணும். சங்கிலி, போல்ட்டுக்கு எத்தனை மூலைன்னு சொல்லு."

சங்கிலி குனிந்து பார்த்தான். எண்ணெயும் புழுதியும் சேர்ந்து அடை அடையாய் அப்பி, போல்ட் ஒரு கறுப்பு உருண்டையாகத் தெரிந்தது. "மூலையே தெரியல மேடம். பணியாரம் மாதிரி இருக்கு."

"நேத்து இதுல ஸ்பானர் பட்டிருந்தா இந்த அழுக்கு உடைஞ்சிருக்கும். காலையிலயே பார்த்துட்டேன். இந்த வண்டியில வருஷக்கணக்கா யாரும் பெல்ட் மாத்தல. நேத்து பெல்ட் அறுந்து போகவே இல்ல. செம்பட்டி ரோட்டுல இந்தக் கார் நிக்கவும் இல்ல. எதுக்குப் பொய் சொல்றீங்கன்னு மட்டும்தான் எனக்குத் தெரியல."

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்" என்றான் பிரபு. முகம் சுவரானது. ராத்திரி முழுக்கப் போலீஸ் பார்த்த முகம் இதுதான் என்று சங்கிலிக்குப் புரிந்தது. இந்தச் சுவரை இடித்துப் பையனை எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

சகாயசெல்வி பிரபுவின் சட்டையைப் பிடிக்கவில்லை. அடிக்கவும் இல்லை. ரோட்டிலேயே மடங்கி உட்கார்ந்து, டப்பாவை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, யாரிடமும் இல்லாமல் பேசினாள்.

"நேத்து ராத்திரி ஊசி போச்சு. காலைல ஊசியும் போச்சு. இப்ப மத்தியானமும் போகப் போகுது. எம்புள்ள தாங்கமாட்டானே..."

ஸ்பானர் பிரபுவின் கையிலிருந்து நழுவி ரேடியேட்டரில் மோதி விழுந்தது.

"என்ன ஊசி?" என்றான்.

கிளாரா சட்டென்று அவனைப் பார்த்தாள். காலையிலிருந்து அவன் கேட்ட முதல் கேள்வி அது.

"உங்களுக்குத் தெரியாதா?"

"என்ன ஊசிக்கா?" அவன் சகாயசெல்வியிடம் கேட்டான். குரல் உடைந்திருந்தது.

"சர்க்கரைடா. எட்டு மாசமா எம்புள்ளைக்குச் சர்க்கரை. சாப்பாட்டுக்கு முன்னாடி இன்சுலின் போட்டாத்தான் உசுரு. போடலைன்னா மயக்கம் வந்துரும், அப்புறம்..." அவளால் முடிக்க முடியவில்லை. "ஊருக்குத் தெரிஞ்சா ஒரு மாதிரி பேசுவாகன்னு யார்கிட்டயும் சொல்லல. இன்ஸ்பெக்டர்கிட்டயும் மேடம்கிட்டயும்தான் சொன்னேன்."

பிரபு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான். "அய்யோ அக்கா, பையன் அவுக அப்பாகிட்ட இருக்கான். நாந்தேன் கொண்டுபோய் விட்டேன். ஆனந்த்ராஜ் அண்ணன் கையைப் பிடிச்சு அழுதாருக்கா. பெத்தவருதானேன்னு... சத்தியம் வாங்கிக்கிட்டாரு. அந்தப் பிஞ்ச பெல்ட்டு ஒர்க்‌ஷாப் குப்பைல எடுத்தது."

ஆனந்த்ராஜ் சகாயசெல்வியின் கணவன். இரண்டு வருஷமாகப் பிரிந்து, எங்கே இருக்கிறான் என்றே தெரியாமலிருந்தவன். பையனுக்கு நோய் வந்தது அவனுக்கும் தெரியாது. ஒழுங்காய்ப் பார்த்துக்கொள்ளவில்லை என்று சொல்லிப் பையனைக் கேட்டுவிடுவானோ என்று அவள் மறைத்திருந்தாள்.

"எங்க இருக்கார்?" என்றாள் கிளாரா.

"குஜிலியம்பாறை தாண்டி ஒரு காட்டுக்குள்ள. ஊர் பேர் தெரியாது மேடம், வழி தெரியும். போனை அணைச்சு வச்சிருக்காரு."

குஜிலியம்பாறை எதிர்த் திசை. வந்த தூரமெல்லாம் திரும்ப வேண்டும். திண்டுக்கல்லைக் கடக்க வேண்டும். அதற்கப்புறமும் அவ்வளவு தூரம்.

"ஸ்பேர் பெல்ட்டு?" என்றான் சங்கிலி.

பிரபு ஓடிப்போய் டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு அட்டை உறையை உருவினான். மாட்டியதாகச் சொன்ன பெல்ட் என்பதால் டிக்கியிலிருந்து எடுத்து ஒளித்து வைத்திருக்கிறான். உறைகூடப் பிரிக்கவில்லை.

சங்கிலி சட்டையைக் கழற்றி எறிந்தான். கிளாரா சொல்லச் சொல்ல அவன் செய்தான். அழுக்கைச் சுரண்டி போல்ட்டில் ஸ்பானரைப் போட்டான். அசையவில்லை. உடம்பையெல்லாம் கொடுத்து அழுத்தினான். ஸ்பானர் வழுக்கி, விரல் முட்டி தோல் கிழிந்தது. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. 'கிரீச்' என்று போல்ட் விட்டுக்கொடுத்தது. அடிப் போல்ட்டையும் தளர்த்தி, கொதிக்கிற ஆல்டர்னேட்டரைத் துணியால் பிடித்து இன்ஜின் பக்கம் தள்ளினான்.

"முதல்ல அடில இருக்கற சக்கரத்துல விடு. அப்புறம் ஃபேனைச் சுத்தி ஒவ்வொரு இறக்கையா மேல ஏத்து. ஆல்டர்னேட்டர் கடைசி."

ஃபேன் இறக்கைகளைத் தாண்டியாயிற்று. கடைசிச் சக்கரத்தில் பெல்ட் ஏற மறுத்தது. ஒரு விரற்கடை குறைந்தது.

"பத்தலை மேடம். இது வேற வண்டிப் பெல்ட்டு."

"இதே வண்டிதான். இன்னும் உள்ள தள்ளு."

பிரபுவும் வந்து தோளைக் கொடுத்தான். தள்ளினார்கள். பெல்ட் 'டொப்'பென்று பள்ளத்தில் உட்கார்ந்தது. சங்கிலி ஜாக்கிக் கம்பியை இடுக்கில் கொடுத்து ஆல்டர்னேட்டரை வெளிப்பக்கம் நெம்பிப் பிடிக்க, பெல்ட் விறைத்தது. கிளாரா கட்டை விரலால் அழுத்தினாள்.

"இன்னும் நெம்பாத. ரொம்ப முறுக்கினா பேரிங் போயிரும், தளர விட்டா வழுக்கிக் கத்தும். அரை அங்குலம் கொடுக்குது. போதும். முடுக்கு."

சாவியைத் திருகியதும் இன்ஜின் எழுந்தது. கத்தவில்லை. சிவப்பு விளக்கு அணைந்தது. சங்கிலி ஒரு வார்த்தை வேடிக்கை பேசாமல் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான்.

வழியெல்லாம் கிளாரா போனில் இருந்தாள். இன்ஸ்பெக்டருக்குச் சொன்னாள். நூற்றெட்டு ஆம்புலன்ஸைக் குஜிலியம்பாறையில் நிற்கச் சொன்னாள். பையனைப் பார்க்கும் டாக்டரைப் பிடித்து, போனதும் என்ன செய்வது என்று கேட்டு வைத்துக்கொண்டாள். எரியோடு தாண்டியதும் பச்சை குறைந்து, மானாவாரிக் காடுகள் காய்ந்து கிடந்தன. சங்கிலி ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பின்னால் சகாயசெல்வியின் ஜெபம் ஒரே வரியில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

சோளத்தட்டைப் போருக்கு அந்தப் பக்கம் ஒரு சிமென்ட் ஷீட் வீடு. கார் நின்றதும் ஆனந்த்ராஜ் வாசலுக்கு வந்தான். தாடியும் கலைந்த தலையுமாக, தூங்காத கண்கள். பிரபுவைக் கண்டதும் முகம் கறுத்தது. மனைவியைக் கண்டதும் வாசலின் இரண்டு நிலையையும் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றான்.

"உள்ள வராத."

"பையன் எப்படி இருக்கான்? எந்திரிச்சு நடக்கறானா? சொல்லுங்க!"

"வயித்துக்குச் சேரல. வாந்தி எடுக்கறான். சரியாயிரும். உங்கிட்ட இருக்கறதுக்கு இங்க வாந்தி எடுக்கட்டும்."

சகாயசெல்வி டப்பாவைத் திறந்து ஊசியை எடுத்தாள். அதைப் பார்த்ததும் ஆனந்த்ராஜ் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். சங்கிலி குறுக்கே புகுந்து விலக்க வேண்டியிருந்தது.

"இதுக்காகத்தான்டி கூட்டிட்டு வந்தேன்! இந்த ஊசிக்காகத்தான்! பிரபுவோட போனை வாங்கிட்டுத் தனியாப் போய் எங்கிட்டப் பேசறப்பல்லாம் பையன் அழுதான். 'அப்பா, அம்மா தெனமும் வயித்துல ஊசி குத்துது, என்னைக் கூட்டிட்டுப் போ'ன்னு அழுதான். வேலை செய்யறப்ப தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு தூக்கத்துக்கு ஊசி போடறியா? பெத்த வயிறாடி அது?"

சங்கிலி அவனை விலக்கிய கையை இறக்கினான். இவன் பையனைக் கடத்தவில்லை. காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறான். பையனை உயிரோடு வைத்திருந்த ஒன்றிடமிருந்தே காப்பாற்றியிருக்கிறான்.

சகாயசெல்வி விளக்கிச் சொன்னாலும் அவன் நம்பப்போவதில்லை.

கிளாரா டப்பாவிலிருந்து விரல் நீள மெஷின் ஒன்றை எடுத்தாள்.

"அவங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் யாருக்கும் வேண்டியவ இல்ல. உங்க விரலை நீட்டுங்க."

"எதுக்கு?"

"ஒரு சொட்டு ரத்தம். பையனுக்கில்ல, உங்களுக்கு. நீட்டுங்க சார்."

அந்தக் குரலுக்கு அவன் கை தானாக நீண்டது. குத்தினாள். மெஷினில் நூற்றுப் பதினெட்டு என்று எண் விழுந்தது. "இது உங்க ரத்தத்துல இருக்கற சர்க்கரை. சாதாரண ஆளுக்கு இவ்வளவுதான் இருக்கும். இப்ப பையனுக்குப் பார்ப்போம். கண்ணால பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க."

ஆனந்த்ராஜ் வழிவிட்டான்.

கட்டிலில் ராபின் சுருண்டு கிடந்தான். தலைமாட்டில் ஜூஸ் பாட்டில்கள், பாதி தின்ற லட்டுப் பெட்டி. மகனுக்கு ஆசை ஆசையாய் வாங்கிக் கொடுத்தவை. பையனின் உதடு வெடித்திருந்தது. ஓடிவந்தவன்போல் ஆழமாய் மூச்சை இழுத்து இழுத்து விட்டான். அந்த மூச்சில், பழுத்து அழுகப் போகும் பழத்தின் வாசனை அடித்தது. "தண்ணி" என்றான் கண்ணைத் திறக்காமல்.

கிளாரா அவன் விரலில் குத்தி மெஷினை ஆனந்த்ராஜின் கண்ணெதிரே பிடித்தாள்.

எண்ணே விழவில்லை. ஹெச், ஐ என்று இரண்டே இரண்டு ஆங்கில எழுத்து.

"நம்பர் எங்க?" என்றான் அவன்.

"அளக்க முடியாத அளவுக்கு ஏறிருச்சுன்னு அர்த்தம்" என்றாள் கிளாரா.

ஆனந்த்ராஜ் லட்டுப் பெட்டியைப் பார்த்தான். ஜூஸ் பாட்டில்களைப் பார்த்தான். கட்டிலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். அவன் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைச் சங்கிலி கேட்காமல் இருந்திருக்கலாம்.

டாக்டர் சொன்னபடி சகாயசெல்வி ஊசியைப் போட்டாள். ஆனந்த்ராஜ் மகனை இரண்டு கையாலும் வாரிக்கொண்டு காருக்கு ஓடினான். குஜிலியம்பாறையில் ஆம்புலன்ஸ் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பொழுது நகரவே இல்லை. சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, பையன் கண் விழித்துவிட்டான், மூச்சு சீராகிறது, இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்றார். சங்கிலி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். கிழிந்த முட்டி இப்போதுதான் எரிய ஆரம்பித்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். பிரபு வாசலில் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தான். "ரெண்டு பேர் மேலயும் கேஸ் எழுதட்டுமாம்மா?" என்று சகாயசெல்வியிடம் கேட்டார்.

பெஞ்சின் ஒரு கோடியில் அவள், மறுகோடியில் ஆனந்த்ராஜ்.

"அவுக அப்பா வீட்டுலதான் இருந்தான்னு எழுதிக்கங்க சார்" என்றாள் சகாயசெல்வி. "நான் சொல்லியிருந்தா இம்புட்டு வந்திருக்காது."

"மேடம்," சங்கிலி கிளாராவிடம் கிசுகிசுத்தான். "அப்ப இந்தக் கேஸ்ல குத்தவாளி யாரு?"

"தெரியல. வாயை மூடு" என்றாள் கிளாரா. அவள் கண் கலங்கியிருப்பதை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை.

நர்ஸ் கதவைத் திறந்தாள். "அடுத்த ஊசி போடணும், பையன் பயப்படறான். யாராவது ஒரு ஆள் மட்டும் கூட வாங்க."

இரண்டு பேரும் எழுந்தார்கள். இரண்டு பேரும் நின்றார்கள். சகாயசெல்வி திரும்பப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நீங்க போங்க" என்றாள். "குத்தும்போது மட்டும் மூஞ்சியத் திருப்பிராதீக. அவன் ஊசியப் பாக்கமாட்டான். உங்க மொகத்தத்தான் பாப்பான்."